நாலு எலுமிச்சம்பழமும் ஒரு பொத்தானும்

புதுக் கார் வீட்டுக்கு வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். நல்ல சம்பிரதாயந்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ரகசியம் சொல்கிறேன், கேளுங்கள். அந்த நாலு பழத்தில் இரண்டு வெறும் மரியாதைக்குத்தான்! பின்னால் இருக்கிற இரண்டு சக்கரமும் வண்டியை இழுப்பதே இல்லை. முன் சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போக, அவை பேசாமல் பின்னாலேயே உருண்டு வருகின்றன.

"இதென்ன அநியாயம்! எங்கள் வண்டி எஸ்.யு.வி. ஆயிற்றே, ஜீப் மாதிரி அல்லவா இருக்கிறது?" என்று சில சகோதரிகள் சண்டைக்கு வருவார்கள். பார்வைக்கு ஜீப் மாதிரி இருக்கிறது, வாஸ்தவம். வண்டியின் வயிறு தரையிலிருந்து ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூட்டு வலிக்காரப் பாட்டிக்குக்கூட ஏறி உட்காரச் சௌகரியம். நீளம் நாலு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் பலவற்றுக்கு வரியும் குறைவு, சந்தில் நிறுத்தவும் சுலபம். ஆனால் அந்தக் காலத்துத் தாசில்தார் ஜீப்பில் வேண்டும்போது நாலு சக்கரமும் இழுக்கும். இன்று நம் தெருவில் ஓடுகிற சின்ன எஸ்.யு.வி.க்களில் அநேகமாக எல்லாமே முன் சக்கரம் இரண்டினால் இழுபடுகிறவை. மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் போன்ற ஒன்றிரண்டைத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி வாங்க முடியும்.

இது ஊருக்குள் ஒரு பொருட்டே இல்லை. தார் ரோட்டை விட்டு இறங்கும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. அப்போது நமக்குத் துணைக்கு இருப்பது ஒரு சின்ன யந்திர மூளை. அதன் பெயர் டிராக்ஷன் கண்ட்ரோல். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலோ, கியருக்கு அருகிலோ ஒரு பொத்தான் இருக்கும். அதன் மேல் ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் பாம்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வளைந்த கோடு, கீழே 'ஆஃப்' என்று எழுத்து. வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பொத்தானைத் தொடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! தொடாமல் இருந்தது நல்லதுதான். ஆனால் தொட வேண்டிய சமயம் ஒன்று வரும். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் இந்த வாரம்.

முதலில், இந்த மூளை என்ன செய்கிறது? ஒரு ராட்டினத்தில் கயிற்றைப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்க, மூன்றாவது ஆள் ராட்டினத்தையே பிடித்து இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் இறுகப் பிடித்திருந்தால் இருவரும் இழுபட்டு வருவார்கள். ஒருத்தி கையை விட்டுவிட்டால்? அவள் பக்கத்துக் கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு போகும். மற்றவள் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பாள். உங்கள் காரில் எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போடுகிற டிபரன்ஷியல் என்ற பாகம் இந்த ராட்டினத்தைப் போன்றதுதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலும், சேற்றில் வழுக்கினாலும், அது கையை விட்ட மாதிரி. அது மட்டும் சும்மா சுற்றும். கெட்டித் தரையில் நிற்கிற மற்றச் சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

டிராக்ஷன் கண்ட்ரோல் வந்து அந்த விட்டுப்போன முனையைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் வேகத்தைக் கவனிக்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. 'மூன்று சக்கரம் நிதானமாக இருக்க, இது ஒன்று மட்டும் ஏன் துள்ளுகிறது?' என்று மூளைக்குத் தெரிந்ததும், அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. கயிறு இறுகுகிறது; மற்றச் சக்கரம் இழுக்கிறது. இது அதன் முதல் கை. இரண்டாவது கையும் ஒன்று உண்டு: நீங்கள் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். தோட்டத்துக் கங்காணி மாதிரி, 'போதும், போதும், நிறுத்து' என்கிறது.

இந்தச் சாமர்த்தியம் ஒரே நாளில் வந்ததல்ல. 1971-லேயே அமெரிக்காவில் பியூக் கார்களில் எஞ்சினை அடக்குகிற ஒரு ஏற்பாடு இருந்தது. 1978-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனி செய்த ஏ.பி.எஸ். பிரேக் மெர்ஸிடிஸ் காரில் வந்தது. சக்கரத்தின் வேகத்தைக் கவனிக்கிற கருவி வந்துவிட்டதால், வழுக்காமல் நிறுத்துவதற்கு உதவிய அதையே வழுக்காமல் கிளப்புவதற்கும் உபயோகித்துக்கொண்டார்கள். 1995-ல் வளைவில் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகாமல் காக்கிற ஈ.எஸ்.பி. என்ற தம்பியும் வந்து சேர்ந்தான். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். இருந்தே ஆக வேண்டும். டிராக்ஷன் கண்ட்ரோல் எல்லா வண்டியிலும் உண்டா என்றால், இல்லை. விலை குறைந்த ரகத்தில் இல்லாமல் இருக்கலாம். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கார் கலரைப் பற்றி அரை மணி நேரம் யோசிக்கிறோமே, இதற்கு அரை நிமிஷம் செலவழித்தால் என்ன?

சரி, மணலுக்கு வருவோம்.

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் எந்த ஊரில் இருந்தாலும் தங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடும். சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பொங்கல் பானை சகிதமாக வந்து இறங்குவார்கள். அவற்றில் சில கோயில்கள் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே உள்ள தேரிக்காட்டில் இருக்கின்றன. தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கு எட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி செக்கச் செவேலென்ற மணல். மணலின் மேல் இரும்புச் சத்து படிந்து அந்த நிறம். நடுநடுவே பனையும் உடைமரமும் முந்திரியும். ஆனி, ஆடி மேல்காற்றில் இடம் மாறுகிற அளவுக்கு லேசான மணல். காயாமொழிக்கு அருகில் தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயிலும், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் இந்தச் சீமையில்தான். இப்போதெல்லாம் கோயில் மட்டும் நல்ல ரோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் உத்திரத்தன்று அந்த ரோட்டிலா கார் நிறுத்த இடம் கிடைக்கும்? "அங்கே மரத்தடியில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாராவது கை காட்டுவார்கள். ரோட்டுக்கும் மரத்தடிக்கும் நடுவே முப்பது கெஜம் மணல். நம் வண்டிக்கு அந்த முப்பது கெஜந்தான் சோதனை.

மணலில் டயர் உருளுவதில்லை, உழுதுகொண்டு போகிறது. முன்னே மணலைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் வழுக்கிக்கொண்டேதான் அது நகர முடியும். அந்த வழுக்கல் மணலில் சகஜம், அவசியங்கூட. ஆனால் நம் கங்காணிக்குத் தார் ரோட்டு நியாயந்தான் தெரியும். சக்கரம் வழுக்குகிறதா, உடனே இரண்டாவது கையை நீட்டி எஞ்சினை அடக்கிவிடுகிறது. நீங்கள் மிதிக்கிறீர்கள், வண்டியோ மூச்சு வாங்குகிறது. வேகம் குறைகிறது. மணலில் வேகம் குறைந்தால் டயர் இறங்கும். இறங்கினால் இன்னும் வழுக்கும். வழுக்கினால் இன்னும் அடக்கும். இப்படியே நடு மணலில் வண்டி நின்றுவிடுகிறது. கண் முன்னால் அந்தக் குட்டிக் கார் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். மினுக்கினால் கங்காணி வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆகவே, ஆழமான மணலில் இறங்குவதற்கு முன்னாலேயே, ரோட்டோரத்தில் நிறுத்தி அந்தப் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு அமுக்கினால் பாதிப் பலன்தான். ஹூண்டாய் போன்ற சில கார்களில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சினை அடக்குகிற இரண்டாவது கை மட்டும் விலகும். சுற்றுகிற சக்கரத்தைப் பிடிக்கிற முதல் கை இருந்துகொண்டே இருக்கும். மூன்று விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் இரண்டும் போய், வளைவில் காக்கிற தம்பியும் போய்விடுவான். நமக்குப் பெரும்பாலும் ஒரு தட்டே போதும். உங்கள் வண்டியில் எப்படி என்று, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறதே ஒரு புத்தகம், அதில் போட்டிருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு சிரத்தை போதும்.

பொத்தானை அமுக்கிவிட்டால் மட்டும் தேரி வழி விட்டுவிடாது. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். வழக்கமாக 33 பவுண்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் 20 வரை இறக்கலாம். டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் மாதிரி அகன்று மணல் மேல் நிற்கும். எல்லா வித்தைகளையும்விட இந்த ஒன்றுதான் அதிகம் உதவுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்றைக் குறைத்த வண்டியை வேகமாக ஓட்டவும் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள, காரின் சார்ஜர் துவாரத்தில் சொருகுகிற சின்னக் காற்றடிக்கும் யந்திரம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றைத் தொடாதீர்கள், மணலிலும் இறங்காதீர்கள். நாலு பர்லாங்கு நடந்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

மணலுக்குள் முதல் கியரிலோ இரண்டாவதிலோ, ஒரே சீராக மிதித்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் கியர் மாற்றாதீர்கள். நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்கு முன்னே மணல் மேடு கட்டிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மணல் நிறுத்திவிடும். முடிந்தால் கொஞ்சம் சரிவைப் பார்த்து, இறக்க முகமாக நிறுத்துங்கள். கிளம்பும்போது அந்தச் சரிவே தள்ளிவிடும். கியர் போடத் தேவையில்லாத வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் இரட்டைக் கிளட்ச் ரகம் மணலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சீக்கிரம் சூடாகிவிடும். எச்சரிக்கை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள்.

சில வண்டிகளில், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் முதலியவற்றின் சில ரகங்களில், 'மணல், சேறு, பனி' என்று போட்ட ஒரு திருகி இருக்கும். அதைக் காட்டி, "இது எங்கேயும் போகும் அம்மா" என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். மணல் என்று திருப்பினால், 'கொஞ்சம் வழுக்கினால் பரவாயில்லை, பொறுத்துக்கொள்' என்று அதே கங்காணிக்கு உத்தரவு போகிறது, அவ்வளவுதான். பின் சக்கரம் இரண்டும் அப்போதும் சும்மாதான் வரும்.

இத்தனையும் செய்து மாட்டிக்கொண்டால்? மாட்டிக்கொள்வது பெரிய குற்றமில்லை. மாட்டிக்கொண்டதும் நாலு பக்கமிருந்தும் கூட்டம் கூடுமே, அதுதான் சங்கடம். "ரேஸ் குடு! இன்னும் குடு!" என்று பத்துக் குரல். ஒரு இளைஞன் கதவருகே வந்து, "யக்கா, நீங்க எறங்குங்க, நா எடுத்துத் தாரேன்" என்பான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனாலும் இறங்காதீர்கள். உங்கள் வண்டியின் பொத்தான் எங்கே இருக்கிறது, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். "தம்பி, தள்ளுறதுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க, அது போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஸ்திரீகள் ஓட்டினால் மாட்டும் என்பதெல்லாம் சும்மா. மணலுக்கு ஆண், பெண் தெரியாது. அதற்குத் தெரிந்தது டயரின் காற்றுதான்.

ரேஸ் மட்டும் கொடுக்கவே கூடாது. முன்னே நகராமல் சக்கரம் சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு சுற்றும் ஒரு கை மணலை அள்ளிப் பின்னால் போடுகிறது. ஐந்தாறு விநாடியில் வண்டியின் வயிறு மணலில் படிந்துவிடும். அப்புறம் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் பிரயோஜனமில்லை. உடனே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். வந்தபோது டயர் அழுத்திய தடம் கெட்டியாக இருக்கும். நகரவில்லையானால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, முன் சக்கரத்தின் இரண்டு பக்கத்து மணலையும் தோண்டி எடுங்கள். தேரியில் காய்ந்த பனையோலைக்கும் மட்டைக்கும் பஞ்சமே இல்லை. போகிற திசையில் சக்கரத்துக்கு அடியில் செருகி, மெதுவாகக் கிளட்ச்சை விட்டால் வண்டி ஏறி வந்துவிடும். கார் தரை விரிப்பைப் போடுகிறவர்களும் உண்டு. அது அம்பு மாதிரி பின்னால் பறக்கும். ஓலையும் கல்லுங்கூடப் பறக்கும். தள்ளுகிறவர்கள் சுற்றுகிற சக்கரத்துக்கு நேராக நிற்கவே கூடாது. குழந்தைகளை முதலில் ஓரமாக, கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். தாவணியும் துப்பட்டாவும் சக்கரத்தருகே வரக் கூடாது.

கடைசியில் டிராக்டர் வந்தால், கயிற்றைப் பம்பரில் கட்ட விடாதீர்கள், கையோடு வந்துவிடும். ஸ்டெப்னியோடு வைத்திருக்கிற சாமான்களுக்குள் திருகுகிற இரும்பு வளையம் ஒன்று இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியை எடுத்துவிட்டு, அதைத் திருகி முழுக்க இறுக்கி, அதில் கட்டச் சொல்லுங்கள். இழுக்கும்போது கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் கயிற்று நீளத்துக்கு அப்பால்!

இனி, பொத்தானைத் தொடவே கூடாத இடங்கள். ஒரு சக்கரம் பள்ளத்திலும் இன்னொன்று மேட்டிலுமாகக் கரடு முரடான வண்டித் தடத்தில் போகிறீர்கள். ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. இங்கே கங்காணியின் முதல் கை தங்கம். பொத்தானை விட்டுவிடுங்கள். ஆனால் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுக்கிறோமே, அதுதான் தவறு. ஆக்ஸிலேட்டரை லேசாக, ஒரே அளவில் மிதித்தபடி ஒன்றிரண்டு விநாடி பொறுங்கள். 'கர கர' என்று பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்கும். காலுக்கு அடியில் நடுக்கம் தெரியும். பிறகு மற்றச் சக்கரம் பிடித்து வண்டி நகரும். காலை எடுத்தால் அதுவும் வேலையை நிறுத்திவிடும். விடாமல் நெடு நேரம் இப்படியே போனால் பிரேக் சூடேறி, மூளை தானாகவே ஓய்வெடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது நீங்களும் பத்து நிமிஷம் இறங்கிக் காப்பி சாப்பிடலாம்.

ஈரப் புல்தரை, மழை, மலைப்பாதை, இங்கெல்லாம் அது விழித்துக்கொண்டே இருக்கட்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மழையில் நனைந்த அந்த வளைவில் யாராவது 'மலை ஏற இழுவை பத்தாது, அதை அணைத்துவிடு' என்றால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊறியிருந்தால் எந்தப் பொத்தானும் உதவாது. அது டயரின் பள்ளமெல்லாம் அப்பிக்கொண்டு டயரைக் கொழுக்கட்டை மாதிரி மொழுமொழுவென்று ஆக்கிவிடும். வெயில் அடிக்கிற வரைக்கும் காத்திருப்பதுதான் வழி.

தேரியிலிருந்து திரும்பும்போது, பொங்கல் பானையும் பிள்ளைகளும் ஏறியாயிற்றா என்று எண்ணுகிற கையோடு, அந்தப் பொத்தானையும் எண்ணுங்கள். தார் ரோட்டில் சக்கரம் பட்டதும் அதை மறுபடி அமுக்கி, 'ஆஃப்' விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திக் கிளப்பினால் பல வண்டிகளில் தானாகவே விழித்துக்கொள்ளும். ஆனாலும் கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம். காற்று குறைந்த டயரோடும், தூங்குகிற கங்காணியோடும் திருச்செந்தூர் ரோட்டில் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், எதிரே ஒரு பஸ் வரும்போது சட்டென்று திருப்ப நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றடிக்கும் யந்திரத்தில் எது நல்லது, பாட்டரியில் ஓடுவதா, காரில் சொருகுவதா என்று இப்போதே கேட்பீர்கள். அது அடுத்த வாரம்.